அரிசிப் பானையில் இருந்த மாலைப்பொழுது

செம்படுகையில் மாலைப்பொழுது ஒரு பிளாப்பியில் இருந்தது. ஐந்தேகால் அங்குல பிளாப்பி, கறுப்பு நிறம், கையில் பிடித்து ஆட்டினால் லேசாக வளையும். ஊருக்கு அது வந்து சேர்ந்த நாளிலிருந்து மாலையை அதிலிருந்துதான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுகிற வேலை வைத்திலிங்கத்துடையது.

மாலை நிலையம் குடிநீர்த் தொட்டிக்குக் கீழே, மோட்டார் அறைக்கு அடுத்த அறை. உள்ளே ஒரு மேசை, பச்சை எழுத்தில் பேசும் ஒரு பழைய கம்ப்யூட்டர், சுற்றும்போது முனகும் ஒரு மின்விசிறி. வெயில் சாய்ந்ததும் வைத்திலிங்கம் வீட்டிலிருந்து பிளாப்பியை எடுத்துக்கொண்டு வருவார். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதை வீட்டில் ஒரு சின்ன அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். அந்த அரிசியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்பது வீட்டில் ஒரு சட்டம். நிலையத்துக்கு வந்ததும் உறையில் ஒட்டியிருக்கும் அரிசியை ஊதிவிட்டு, பிளாப்பியை டிரைவில் செருகி, அதன் தாழ்ப்பாளைத் திருப்பி, கட்டளையைத் தட்டுவார். டிரைவ் முதலில் தொண்டையைச் செருமும். பிறகு கர்... கர்... டக் என்று வேலையில் இறங்கும்.

முதலில் வானம் வரும். மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக நிறம் மாறும். மொத்தம் பதினாறு நிறங்கள்தான். அடுத்து காகங்கள், முதலில் வெறும் கோடாகவும் பிறகு கறுப்பாகவும். அதற்குப் பின் வாசனைகள்: மல்லி, எங்கோ வடை வேகும் எண்ணெய். கடைசியில் சத்தங்கள்: செயின் உறை தளர்ந்த ஒரு சைக்கிள், கோயில் மணி, ஒரு ஆடு. ஆடு கத்திவிட்டால் மாலை முழுதாக வந்துவிட்டது என்று பொருள். வீடுகளில் விளக்கேற்றுவார்கள்.

பிளாப்பியில் இருந்தது ஒரே ஒரு மாலை. அதைப் பதிவு செய்த அன்று ஊரில் என்ன நடந்ததோ அதுவே தினமும் வந்தது. அது யாருடைய சைக்கிள், யாருடைய ஆடு என்று ஒருவரும் கேட்டதில்லை. மாலை என்றால் ஒரு ஆடு கத்தும். அவ்வளவுதான்.

இத்தனையும் வந்து சேர, அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகும். ஊரில் அதை ஏற்றுநேரம் என்பார்கள். அது பகலிலும் சேராது, மாலையிலும் சேராது. ஆகையால் அதில் செய்கிற எதுவும் நிலைக்காது. ஏற்றுநேரத்தில் கொய்யாவைக் கடித்தால், ஆடு கத்தியதும் கொய்யா பழையபடி முழுசாக இருக்கும். ஒரே கொய்யாவை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தின்ற பிள்ளைகள் உண்டு. தையற்காரர்கள் அந்த நேரத்தில் துணியை வெட்ட மாட்டார்கள், வெட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஞாபகம் மட்டும் தங்கும். ஞாபகத்துக்கு இந்த விதி பொருந்தாது என்று நகராட்சி எப்போதோ தீர்மானம் போட்டுவிட்டது.

வைத்திலிங்கத்துக்கு இந்த ஏற்றுநேரம் சோறு தண்ணீரைப் போல. அவர் தன் மைத்துனன் தியாகேசனோடு பேச முடிந்தது அந்த ஒரு நேரத்தில்தான்.

தியாகேசன் வைத்திலிங்கத்தின் மனைவி நீலாவுக்குத் தம்பி. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். உலகத்தில் புதிதாக எந்த கம்ப்யூட்டர் வந்தாலும் அவன் கடைக்கு வந்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போகும் என்று சொல்லிக்கொள்வான். வைத்திலிங்கத்துக்கோ பச்சை எழுத்துக்கு மேல் எந்த நிறமும் ஆடம்பரம்.

இருவருக்கும் சண்டை வந்தது வைத்திலிங்கத்தின் மகளுக்குக் காது குத்திய அன்று. குழந்தை தாய்மாமன் மடியில் இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தியாகேசன், "இனிமே கட்டளை அடிக்கிற வேலையெல்லாம் கிடையாது அத்தான். மவுஸைப் பிடிச்சு, படத்தைத் தொட்டா போதும்" என்றான்.

"பாஷை தெரியாத ஊர்ல ஓட்டலுக்குப் போனவன்தான் பக்கத்து இலையைத் தொட்டுக் காட்டுவான்" என்றார் வைத்திலிங்கம்.

"உங்க கட்டளை மட்டும் என்ன? கலெக்டருக்கு மனு எழுதற மாதிரி. ஒரு புள்ளி விட்டுப்போனா திருப்பி அனுப்பிடும்."

"பேசத் தெரிஞ்சவங்கிட்டதான் அது பேசும் மாப்ளே. உன் மெஷின் எல்லாரையும் பார்த்துப் பல்லைக் காட்டும்."

பேச்சு அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஒரு காது குத்தி மறு காதுக்கு ஊசி போவதற்குள் இரண்டு பேரும் சபதம் செய்துவிட்டார்கள். "இனி இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா, எனக்குத் தெரிஞ்ச கட்டளையெல்லாம் மறந்துபோகட்டும்" என்றார் வைத்திலிங்கம். "இனி இவர்கிட்ட பேசினா, மவுஸ் என் கைக்கு அடங்காமப் போகட்டும்" என்றான் தியாகேசன்.

செம்படுகையில் சபதங்கள் உடனுக்குடன் வேலை செய்யும். ஜவுளிக்கடை ராஜப்பா, "இனி சீட்டாடினால் செருப்பு என் காலில் நிற்காது" என்று சொல்லிவிட்டு மறுவாரமே ஆடினார். அன்று முதல் அவருடைய செருப்பு அவருக்கு முன்னால் நடந்துபோகிறது. அவர் வெறுங்காலோடு பின்னால் போகிறார். இதெல்லாம் தெரிந்ததால் அத்தானும் மைத்துனனும் வாயை இறுக்கமாக மூடிக்கொண்டார்கள்.

சில மாதங்கள் நீலாதான் பேச்சைச் சுமந்தாள். "நீலா, உன் தம்பிகிட்ட சொல்லு" என்பார் இவர். "அக்கா, அத்தான்கிட்ட சொல்லு" என்பான் அவன். ஒருவர் கூடத்திலும் ஒருவன் வாசலிலும் இருக்க, அவள் நடுவில் நின்று இங்கேயிருந்து வாங்கி அங்கே கொடுத்தாள். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் என்ன மோடமா?" என்றாள். அதோடு அந்தத் தொடர்பும் அறுந்தது.

அதன் பிறகுதான் ஒரு சாயங்காலம், டிரைவ் செருமிக்கொண்டிருக்கும்போது, தியாகேசன் நிலையத்தின் வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். வானத்தைப் பார்த்தபடியே, "சத்தம் கொஞ்சம் கட்டையா இருக்கே அத்தான். பெல்ட் தளர்ந்திருக்கும்" என்றான். வைத்திலிங்கம் சற்று யோசித்தார். பகலிலும் சேராது, மாலையிலும் சேராது. "நேத்தே மாத்திட்டேன்" என்றார். ஆடு கத்தியது. அவர் ஒரு கட்டளையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அது அங்கேயே இருந்தது.

மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நீலா ஒரே டம்ளரில் காபி கொடுத்தனுப்புவாள். இருவரும் பங்கிட்டுக் குடிப்பார்கள். ஆடு கத்தியதும் காபி டம்ளருக்குத் திரும்பிவிடும். வைத்திலிங்கம் அதை வீட்டுக்கு எடுத்துப்போவார். நீலா அதைச் சூடாக்கித் தான் குடிப்பாள்.

வருஷக்கணக்கில் அவர்கள் பேசியதெல்லாம் ஒரே விஷயம்தான்.

"அத்தான், உங்க மெஷின் ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யும்."

"நானும் ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்வேன். உங்கக்கா என்னைத் தள்ளிவெச்சாளா?"

"அதோட மொத்த நினைவும் என் சட்டைப் பித்தான்ல அடங்கிடும்."

"உன் சட்டையில ரெண்டு பித்தான் அறுந்து தொங்குது. முதல்ல அதைத் தை."

தியாகேசன் சிரிப்பான். வைத்திலிங்கமும் சிரிப்பார். பழைய கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. அது நம்மை ஒன்றும் கேட்காது; நாமாகச் சொல்லும்வரை கண் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். வேலை செய்கிறதா இல்லையா என்பதைக் காதால் தெரிந்துகொள்ளலாம். உடம்பு சரியில்லாவிட்டால் முன்கூட்டியே இருமும். புதியவை சத்தமே இல்லாமல் இருக்கின்றன. சத்தமில்லாதவனை எப்படி நம்புவது? தியாகேசனுக்கும் கருத்துகள் இருந்தன. மனுஷன் காத்திருக்கப் பிறந்தவன் அல்ல. காத்திருக்கும் நேரம் ஒன்றுக்கும் உதவாத நேரம். இதை அவன் காத்திருக்கும் நேரத்தில், காபி குடித்துக்கொண்டே சொல்வான்.

எத்தனை அரிசிக்குள் வைத்தாலும் பூஞ்சை எப்படியோ வந்துவிட்டது. முதலில் காகங்களில் ஒன்று வரவில்லை. பிறகு மல்லி வாசனை இரண்டு முறை வந்தது. வைத்திலிங்கம் உறையைப் பிரித்துப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். ஒரு வாரம் மாலை முழுக்க ஊசி போடுகிற வாசனை அடித்தது. வேறு பிளாப்பியில் பிரதி எடுத்துப் பார்த்தார். பிரதியில் ஆடு இல்லை. ஆடு கத்தாததால் அன்று யாரும் விளக்கேற்றவில்லை. அவர் பழையதையே மறுபடி போட்டார்.

சில நாட்களில் ஏற்றுவது பாதியில் நின்று, மேற்கு வானத்தில் பச்சை எழுத்தில் கேள்வி வரும்: நிறுத்தவா, மறுபடி முயலவா, விட்டுவிடவா? தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று, "மறுபடி!" என்று கத்துவார்கள். வைத்திலிங்கம் அதற்கான விசையை அழுத்துவார். பெரும்பாலும் அது பலித்தது. ஆனால் கீழக்கோட்டைத் தெருவுக்கு மேலே சதுரமாக ஒரு கறுப்பு விழுந்துவிட்டது. அந்தத் தெருவுக்கு மட்டும் மாலை வரவில்லை. பகல் முடிந்ததும் நேராக இரவு. அங்கிருந்த பிள்ளைகள் பந்தும் கையுமாக இருட்டில் நின்றார்கள்.

நகராட்சி புது மாலை வாங்கத் தீர்மானித்தது. கொண்டுவந்து பொருத்தும் வேலையைத் தியாகேசனுக்குக் கொடுத்தது. வைத்திலிங்கம் ஆட்சேபம் சொல்லவில்லை. கீழக்கோட்டைத் தெருவுக்குப் போய் அந்தச் சதுரத்தின் கீழே நின்று பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆனால் ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. புது மாலை கண் இமைப்பதற்குள் வந்துவிடும். அதில் ஏற்றுநேரம் கிடையாது.

தியாகேசனுக்கும் தெரிந்திருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பழைய மாலையின் கடைசி நாளன்று வைத்திலிங்கம் மனதில் பல விஷயங்களை எடுத்துவைத்திருந்தார். தியாகேசன் வந்து படியில் உட்கார்ந்தான். டிரைவ் செருமியது.

"டக் முதல்ல வருதா, கர் முதல்ல வருதா?" என்றான் தியாகேசன்.

"கர்தான். இத்தனை வருஷம் கேட்டும் தெரியலையா?"

"இல்லை அத்தான். ஒரு சின்ன டக், அப்புறம்தான் கர்."

"அது நீ படியில உட்கார்றப்போ உன் முட்டி போடுற சத்தம்."

இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். காகங்கள் வந்துவிட்டன. வடை வாசனை வந்துவிட்டது. சைக்கிளின் செயின் உறை கடகடவென்று தெருவைக் கடந்தது. தியாகேசன் திடீரென்று எழுந்து நின்றான். டம்ளர் அவன் கையிலேயே இருந்தது.

"அத்தான், ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இந்த..."

ஆடு கத்தியது.

தியாகேசன் வாயை மூடிக்கொண்டான். டம்ளரில் காபி நிறைந்தது. அவன் அதைப் படியில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான்.

மறுநாள் பழைய கம்ப்யூட்டரை மேசையிலிருந்து இறக்கி மூலையில் வைத்து, துண்டு போட்டு மூடினார்கள். புது மாலை சோற்று டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியாக இருந்தது. தியாகேசன் அதைச் சுவரில் மாட்டி, மேசையில் வைத்த புதிய கம்ப்யூட்டரோடு இணைத்தான். வைத்திலிங்கத்துக்கு நிலையத்தைத் திறந்து பூட்டும் வேலையைக் கொடுத்தார்கள்.

வெயில் சாய்ந்ததும் வைத்திலிங்கம் கதவைத் திறந்தார். தியாகேசன் வந்து மவுஸைப் பிடித்து ஒரு படத்தைத் தொட்டான். மாலை வந்துவிட்டது. வைத்திலிங்கம் வெளியே போய்ப் பார்த்தார். எத்தனை நிறம் என்று எண்ண முடியவில்லை. மேகத்தின் ஓரத்தில் பெயரில்லாத நிறங்கள் எல்லாம் இருந்தன. கீழக்கோட்டைத் தெருவிலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. மாலை அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

புது மாலையில் ஆடு இல்லை. ஒவ்வொரு நாளும் வேறு வேறாக ஏதாவது வந்தது. ஒருநாள் மயில், ஒருநாள் தூரத்து ரயில். மக்கள் விளக்கை எப்போது ஏற்றுவது என்று கொஞ்ச நாள் தடுமாறிவிட்டு, பிறகு அவரவர் வசதிப்படி ஏற்றிக்கொண்டார்கள்.

ஒரே அறையில், ஒரே மேசைக்கு இரண்டு பக்கம், இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். நீலா கொடுத்தனுப்பிய காபியைக் குடித்தார்கள். அது திரும்பி வரவில்லை. நீலா தனக்கென்று தனியாகக் கலந்துகொள்ள ஆரம்பித்தாள். வைத்திலிங்கத்துக்கோ, அன்று தியாகேசன் விட்ட பாதி வாக்கியம் தொண்டையில் மீன்முள்ளைப் போல நின்றது. 'இந்த' என்றானே, எந்த? சாப்பிடும்போது யோசித்தார். குளிக்கும்போது யோசித்தார்.

"உன் தம்பி என்ன சொல்ல வந்தான்னு கேட்டுச் சொல்லேன்" என்றார் நீலாவிடம்.

"மோடம் கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சு" என்றாள் நீலா. கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஆவணியில் ஒருநாள், தியாகேசன் படத்தைத் தொட்டதும் மாலை வரவில்லை. மேற்கு வானத்தில் புள்ளிகள் வட்டமாகச் சேர்ந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தன. கீழே எழுத்து வந்தது: புதுப்பிக்கப்படுகிறது. அணைக்க வேண்டாம்.

ஊர் நின்றது. பகல் முடிந்துவிட்டது, மாலை வரவில்லை. இது ஏற்றுநேரத்தைப் போலத்தான் இருந்தது. ஆனால் ஏற்றுநேரமா என்று யாருக்கும் தெரியவில்லை. புதுப்பிப்பதைப் பற்றி நகராட்சி எந்தத் தீர்மானமும் போட்டிருக்கவில்லை.

தியாகேசன் வெளியே போய் ஒரு கொய்யாவோடு வந்தான். வைத்திலிங்கம் பார்க்கும்படி அதை ஒரு கடி கடித்துவிட்டு மேசைமேல் வைத்தான். கொய்யா மறுபடி முழுசானால் இந்த நேரம் கணக்கில் சேராது, பேசலாம். ஆகாவிட்டால் சேரும், பேசக் கூடாது. ஆனால் அது தெரிவது புதுப்பித்து முடிந்த பிறகு. அதற்குள் பேசும் நேரமும் முடிந்துவிடும்.

வானத்தில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. வைத்திலிங்கம் கொய்யாவைப் பார்த்தார். பல்பட்ட இடத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது. தனக்குத் தெரிந்த கட்டளைகளை எல்லாம் மனதில் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். கோப்பைத் திறப்பது, மூடுவது, பெயர் மாற்றுவது, பிளாப்பியின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது. இளம் வயதில் மன்னார்குடியில் ஒரு மாடியறையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். முதல் கட்டளைக்கு முதல் பதில் வந்தபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். எல்லாம் நல்ல கட்டளைகள். ஒன்றுகூட அவரை ஏமாற்றியதில்லை.

எண் தொண்ணூற்றைத் தொட்டது.

"மாப்ளே, கொய்யாவுக்கு உப்பு மிளகாய்த்தூள் வேணாமா?" என்றார்.

தியாகேசன் அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். "கொண்டாந்திருக்கேன் அத்தான்" என்றான்.

இருவரும் கொய்யாவை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தொட்டுத் தின்றார்கள். எண் தொண்ணூற்றொன்பதுக்கு வந்து அங்கேயே நின்றது.

"என்னடா, நின்னுபோச்சு?"

"இது வழக்கம்தான். கடைசி ஒண்ணுக்குத்தான் நேரமாகும்."

"மனுஷன் காத்திருக்கப் பிறந்தவன் இல்லைன்னு யாரோ சொன்னாங்களே."

"காரம் கொஞ்சம் தூக்கல்" என்றான் தியாகேசன்.

புள்ளிகள் சுற்றின. வைத்திலிங்கம் கேட்டார். "அன்னைக்கு என்ன சொல்ல வந்தே? 'இந்த'ன்னு ஆரம்பிச்சியே."

தியாகேசன் வாயிலிருந்த கொய்யாவை விழுங்கினான். நெற்றியைத் தேய்த்தான். "மறந்துட்டேன் அத்தான்" என்றான்.

"மறந்துட்டியா?"

"தினமும் சொல்லணும்னு நினைச்சு நினைச்சு, பேச முடியாமப் போச்சா... இப்போ எங்கே வெச்சேன்னு தெரியலை."

வைத்திலிங்கம் சிரிக்க ஆரம்பித்தார். தியாகேசனும் சிரித்தான். அந்தச் சிரிப்பின் நடுவில் எண் நூறானது, மாலை வந்தது.

மேசைமேல் கொய்யாவின் காம்பும் கொஞ்சம் விதையும் கிடந்தன. அப்படியே கிடந்தன.

வைத்திலிங்கத்திடமிருந்து கட்டளைகள், கம்பியில் உட்கார்ந்திருந்த குருவிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின. கடைசியாகப் போனது பிளாப்பியின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் கட்டளை. அது சற்றுத் தயங்கிவிட்டுப் போனது. தியாகேசன் மவுஸின் பக்கம் கையைக் கொண்டுபோனான். மவுஸ் நகர்ந்து மேசையின் ஓரத்துக்குப் போய்விட்டது. இன்னும் கையை நீட்டினான். அது வைத்திலிங்கத்தின் கைக்கடியில் போய் ஒதுங்கியது.

சபதம் பலித்துவிட்டதால் இனி பேசுவதற்குத் தடையில்லை. மறுநாளிலிருந்து மவுஸை வைத்திலிங்கம் பிடித்தார். தியாகேசன் பக்கத்தில் நின்று சொன்னான்.

"மேலே போங்க அத்தான். மேலேங்க. அது குப்பைத்தொட்டி. அதைத் தொட்டுடாதீங்க, ஊருக்கு மாலையே இருக்காது. ஆங், அந்தச் சூரியன் படம். ரெண்டு தடவை. ஏன் இப்படிக் கதவு தட்டற மாதிரி தட்டறீங்க?"

"கைக்கு அடக்கமாத்தான் இருக்கு" என்றார் வைத்திலிங்கம், மவுஸைப் புரட்டிப் பார்த்து. அதற்கு மேல் புதிய கம்ப்யூட்டரை அவர் புகழவில்லை.

மூலையில் துண்டு மூடிய பழைய கம்ப்யூட்டரைச் சில நாள் அவர் உயிர்ப்பித்துப் பார்ப்பார். பச்சைக் கண் சிமிட்டிக்கொண்டு அது காத்திருக்கும். அதனிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது. எதிரில் நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுவும் அவரை ஒன்றும் கேட்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலா தம்பியை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அரிசி கொஞ்சம் குறைந்தது. சின்னப் பானையைத் திறந்தாள். உள்ளே வண்டு வர ஆரம்பித்திருந்தது. பிளாப்பியை எடுத்து முந்தானையில் துடைத்து மிளகாய்ப் பானைக்குள் வைத்தாள். வருஷக்கணக்கில் அதோடு இருந்த அரிசியைப் புடைத்து, களைந்து, உலையில் போட்டாள். வேக நேரமாயிற்று. பானை கர்... கர்... டக் என்று கொதித்தது.

மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள்; முற்றத்தைப் பார்த்தபடி தாழ்வாரத்தில் மூன்று இலை போட்டு உட்கார்ந்தார்கள். உச்சி வெயில். வைத்திலிங்கம் முதல் கவளத்தை வாயில் வைத்ததும், முற்றத்துக்கு மேலே இருந்த வானம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக நிறம் மாற ஆரம்பித்தது.

"பதினாறுதான்" என்றார் அவர், எண்ணிப் பார்த்து.

"முதல்ல டக் வந்துது, கவனிச்சீங்களா?" என்றான் தியாகேசன்.

"சாம்பார் ஊத்தட்டுமா?" என்றாள் நீலா.

காகங்கள் கோடாக வந்தன. நடுவில் ஒருமுறை வானத்தில் அந்தப் பழைய கேள்வி வந்தது. மூவரும் வாயில் சோற்றோடு, "மறுபடி" என்றார்கள். காகங்கள் கறுப்பாயின. மல்லி வாசனை வந்தது. ரசத்தின் வாசனையோடு சண்டை போடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. சைக்கிள் சுவருக்கு அந்தப் பக்கம் கடகடத்துக்கொண்டு போனது. கோயில் மணி அடித்தது. பிறகு, முற்றத்திலேயே, மிகப் பக்கத்தில், ஆடு கத்தியது; இந்த முறை சத்தம் மட்டுமல்ல, ஆடே வந்து நின்றது.

தியாகேசன் கையைச் சோற்றில் வைத்தபடி நிமிர்ந்தான். "இதுதான் அத்தான்" என்றான். "இதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். இந்த ஆடு எங்க ஆடு. மயிலி. பள்ளிக்கூடம் விட்டு நான் வர்ற நேரத்துக்கு வேலிகிட்ட வந்து நின்னு கத்தும். அதுதான் பதிவாயிருக்கு."

வைத்திலிங்கம் நீலாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். அதுக்குக் கழுத்துக் கயிறு திரிச்சவளே நான்தானே."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"யார் கேட்டீங்க? ரெண்டு பேரும் கம்ப்யூட்டரைப் பத்தித்தானே பேசினீங்க."

தியாகேசன் தன் இலையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துப்போய் முற்றத்தில் வைத்தான். மயிலி முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது. தின்னும்போது காதை ஆட்டியது. இலைகளில், ஏற்றுநேரத்தில் அவர்கள் சாப்பிட்டதெல்லாம் பழையபடி வந்து நிறைந்திருந்தது. வானம் வெளுத்து மறுபடி வெயில் அடித்தது. காகங்கள் போய்விட்டன. மல்லி வாசனையும் போய்விட்டது.

ஆடு போகவில்லை. நீலா கொடியில் கிடந்த கயிற்றை எடுத்து, ஆட்டை முருங்கை மரத்தில் கட்டினாள். "கொஞ்சம் இளைச்சுதான் போயிருக்கு" என்று சொல்லிக்கொண்டே, மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்ற உள்ளே போனாள்.